சுடுதண்ணீரில் வைத்த சிலிண்டர்

இல்லை அப்பா, வெடிக்கவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். நானும்.

என் பிரியமான அப்பா, இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இருந்திருந்தால் நீ அதைத்தான் முதலில் கேட்டிருப்பாய்.

இன்று உன் முதல் வருஷத் திதி. கத்திரி வெயில். பம்மல் வீட்டுச் சுவர் காலையிலேயே சுட்டது. கூடத்தில் பலகை போட்டு உன் படத்தை வைத்து, முன்னால் தரையில் அகல் ஏற்றியிருந்தோம். மேடவாக்கத்திலிருந்து சித்தப்பா வீட்டார் மதியம் வருவார்கள். அதற்குள் படையல் தயாராக வேண்டும். வாழைக்காய் பாதி வேகும்போது அடுப்பில் தீ சிறுத்துப்போனது. புது சிலிண்டருக்குப் பதிவு செய்திருந்தோம். வரவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் நீ என்ன செய்வாய்? துணி ஊறவைக்கும் டப்பில் வெந்நீர் ஊற்றி, சிலிண்டரை அதில் உட்கார வைப்பாய். சற்றைக்கெல்லாம் தீ நிமிரும். அம்மா பக்கத்தில் நின்று பார்ப்பாள். அவளுக்கு அது உன் வித்தை.

உனக்குத் தெரியாத செய்தி ஒன்று. நான் இப்போது தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். விடுமுறைக்கு முன் கடைசியாக எடுத்த பாடம், வெப்பம் துகள்களை என்ன செய்கிறது என்பது. சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். அதன் துகள்கள் ஒன்றையொன்று உரசி நழுவிக்கொண்டே இருக்கும். கேஸ் வெளியேற வெளியேற மிச்சத் திரவம் குளிர்ந்துவிடும். துகள்கள் மந்தமாகும். வெந்நீர் அவற்றுக்கு வேகம் கொடுக்கிறது. திரவத்தைப் பிய்த்துக்கொண்டு எழுந்து, வாயுவாகி, இரும்புச் சுவரில் மோதும். அந்த மோதலுக்குத்தான் அழுத்தம் என்று பெயர்.

கரும்பலகையில் புள்ளிகளாக வரைந்து காட்டினேன். புள்ளிகளைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

நீ கை பொறுக்கும் சூட்டில்தான் ஊற்றுவாய். இன்று அம்மா கரண்ட் கெட்டிலில் கொதித்ததை அப்படியே ஊற்றியிருக்கிறாள். நான் கூடத்தில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தேன். சிலிண்டரை இழுத்து டப்புக்குள் தூக்கி வைத்தபோது, அடுப்பு முனையில் ரப்பர் குழாய் கழன்றுவிட்டது. அதைக் கவனிக்காமல் ரெகுலேட்டரைத் திறந்துவிட்டாள்.

உஸ் என்று ஒரு சத்தம். பிறகு அந்த நாற்றம்.

ஓடினேன். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டியிருந்தாள். ஒரு பொறி போதும். அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். மணிக்கட்டு சிவந்துவிட்டது. ரெகுலேட்டரை மூடினேன். மூடிய பிறகுதான் உன் விளக்கு ஞாபகம் வந்தது.

கேஸ் காற்றைவிடக் கனம், அப்பா. மேலே போகாது. தரையோடு ஊரும். உன் அகலும் தரையில்தான்.

உறைந்து நின்றேன் என்று எழுதுவார்கள். உறைந்த பொருளிலும் துகள்கள் சும்மா இருப்பதில்லை. இடத்தை விட்டு நகராமல் அதிர்ந்துகொண்டிருக்கும். நான் அப்படித்தான் நின்றேன்.

பிறகு போய்த் திரியை விரலால் நசுக்கினேன்.

நம் வீட்டில் விளக்கை அணைப்பதில்லை. பூக்காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துக் குளிரவைப்பதுதான் வழக்கம். அம்மா ஓடி வந்து கரிந்த திரியைத்தான் பார்த்தாள்.

"ஐயோ, அவர் விளக்குடி. பூவால குளிர வெச்சிருக்கக் கூடாதா?"

ஜன்னல்களைத் திறந்தேன். காற்றே இல்லை. அம்மாவைப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கீழ் வீட்டு செல்வி அக்கா அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தாள்.

"இன்னாமா டீச்சர், கேஸு கீழ வரிக்கும் நாறுது. பாடம் எடுக்கிற வூட்லயே இப்டியா?"

சொல்லிக்கொண்டே என்னோடு உள்ளே வந்து, சிலிண்டரைத் தூக்கி மொட்டைமாடியில் வைக்க ஒரு கை கொடுத்தாள்.

படியில் உட்கார்ந்து அம்மாவுக்கு விளக்கினேன். துகள், வேகம், அழுத்தம். என் குரல் ஏறிக்கொண்டே போனது. அவள் முந்தானையால் மணிக்கட்டை மூடிக்கொண்டு கேட்டாள்.

"உங்கப்பா வருஷக்கணக்கா பண்ணாரு. ஒண்ணும் ஆகலையே."

இதற்கு என்ன பதில், அப்பா? ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். நீ செய்ததை ஆபத்து என்று நான் சொல்லும்போது அவள் காதில் என்னவாக விழுகிறது?

மிச்சச் சமையல் செல்வி அக்கா வீட்டில் நடந்தது. படையலை இன்னொருவர் வீட்டு அடுப்பில் செய்வதா என்று அம்மா தயங்கினாள். "எங்க வூட்டு நெருப்புன்னா சாருக்குத் தொண்டைல எறங்காதா இன்னா?" என்றாள் செல்வி அக்கா. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்றம் முழுக்கப் போனபிறகு அம்மாவே விளக்கை மறுபடி ஏற்றினாள். தீக்குச்சியைக் கிழிக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சித்தப்பா வீட்டார் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். யாரிடமும் சொல்லவில்லை. அம்மா சமையலறைக்குள் போகும்போதெல்லாம் என் காது விடைக்கிறது. பள்ளி திறந்ததும் பகல் முழுக்க அவள் இங்கே தனியாக இருப்பாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், நீ போய்விட்டாய் என்று டாக்டர் சொன்னபோது, என் கையைப் பிடித்துக்கொண்டவள் அவள். அவளும் போனால்? அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி அவளிடம் பாடம் நடத்த மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்வேன். இவ்வளவு கத்தியும் அதைச் சொல்லவே இல்லை.

என்றும்,
உன் பொண்ணு

எழுதி முடித்ததும் போய், பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் இருவருமாகத் தாம்பரம் கடைத்தெருவுக்குப் போய், புது ரப்பர் குழாயும் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பும் வாங்கி வந்தோம்.