சின்ன அறையைக் காலி செய்தேன்

அன்பு மகளுக்கு,

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறே கோவிலில் என் மானம் கப்பலேறியது. பிரசங்கத்தில் தூங்கிவிட்டேன். "ஆண்டவருக்கு இடம் தயாரா?" என்று ஃபாதர் குரலை உயர்த்த, நான் திடுக்கிட்டு எழுந்து, "நாளைக்கு டெலிவரி, சாமி!" என்று கத்தினேன். சோபா தைக்கிறவன் புத்தி வேறெப்படி இருக்கும்? உன் அம்மா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வாக்குக் கொடுத்தாயிற்றே! "போனா போ" என்று நான் கத்தி, நீ வீட்டை விட்டுப் போன மறுவாரமே உன் அறையில் பஞ்சு மூட்டைகளை அடைத்திருந்தேன். கோவிலில் கத்திய மறுநாளே அத்தனையையும் வெளியே எடுத்தேன். ஜன்னலைத் திறந்ததும் மூன்று வருடத் தூசி வெயிலில் எழுந்து, இறங்க மனமில்லாமல் மிதந்தது. அதன் நடுவே உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஜெபம் வரவில்லை. தலை பின்னும்போது நீ முணுமுணுக்கும் பாட்டுத்தான் வந்தது. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு கழற்றி வைத்திருந்த உன் கட்டிலைத் திரும்பப் பூட்டினேன்.

"சாமிக்கு எதுக்குங்க கட்டிலு?" என்றாள் அம்மா.

"அவ்ளோ தூரம் நடந்து வர்றவருக்குக் கால் வலிக்காதாடி?"

அவள் உன் நீலப் போர்வையை எடுத்து விரித்தாள். இருவரும் முழங்காலிட்டோம். "ஆண்டவரே, வாரும்" என்று சத்தமாகச் சொன்னேன்.

'வரும்போது என் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வாரும்' என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

உன் தூங்குமூஞ்சி அப்பா