வரிசையில் விட்டுப்போன இடம்

ஜூன் 3, திங்கள்

கல்லூரிப் பிள்ளைகள் நம் தெருவில் மரம் நடப் போகிறார்களாம். குழி வெட்ட வேண்டிய இடத்திலெல்லாம் சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்று என் முன்கேட்டை ஒட்டி.

நாலு படம் எடுப்பார்கள், கைதட்டுவார்கள், கோடைக்குள் எல்லாம் காய்ந்துவிடும். எத்தனை பார்த்தாயிற்று.

பின்வாசல் வழியே சுற்றிப் போய், அந்த ஒரு வட்டத்தை மட்டும் பெருக்கித் தள்ளிவிட்டு வந்தேன்.

ஜூன் 4

மறுபடி வட்டம். மறுபடி பெருக்கினேன்.

ஜூன் 6, வியாழன்

ஆய்வகத்திலிருந்து திரும்பும்போது பிடித்துக்கொண்டாள், அந்தக் கூட்டத்தின் தலைவி. கழுத்தில் எப்போதும் ஒரு விசில். எல்லோரும் அவளை 'விசிலு' என்றே கூப்பிடுகிறார்கள்.

"ஆன்ட்டி, உங்க வீட்டு வட்டத்தை மட்டும் யாரோ அழிச்சிடறாங்க. பாத்தீங்களா?"

"காத்தா இருக்கும்."

"ஒத்த வட்டத்தைத் தேடி வந்து அடிக்கிற காத்தா ஆன்ட்டி?"

பின்சந்துப் பக்கம் திரும்பிவிட்டேன். இந்த வாய் தங்கைக்குப் பிடித்திருக்கும்.

இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதியாயிற்று.

அன்றைக்குப் போலீஸ்காரர் வட்டம் போட்டதும் அதே இடத்தில்தான். அதே சுண்ணாம்பு. வட்டத்துக்குள் அவளுடைய ஒற்றைச் செருப்பு. தண்ணீர் லாரி கொஞ்சம் தள்ளி நின்றிருந்தது, இன்னும் சொட்டிக்கொண்டு. சாயங்காலமே மழை வந்து வட்டத்தைக் கரைத்துவிட்டது. கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். ஆறு வருஷமாகப் பின்சந்துதான் எனக்கு வாசல்.

கேட்டின் தாழ்ப்பாள் மட்டும் இன்னும் சில நேரம் இரண்டு தரம் தட்டுகிறது. வேலை முடிந்து வந்ததும் அவள் அப்படித்தான் தட்டுவாள் — வந்துட்டேன் என்பதற்கு. காற்றுதான். எனக்குத் தெரியாதா?

ஜூன் 9, ஞாயிறு

அந்தப் பிள்ளைகள் பின்சந்தைச் சுத்தம் செய்கிறார்கள். சாக்கடையை வாரி என் பின்கதவுக்கு எதிரிலேயே குவித்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பை, உடைந்த பீங்கான், யாருடையதோ மெத்தை, முழங்கால் உயரத்துக்குக் கறுப்புச் சேறு.

"குப்பை வண்டி நாளைக்குத்தான் வருமாம் ஆன்ட்டி. இன்னைக்கு மட்டும் முன்பக்கமா போய்க்கோங்களேன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான், கூட்டத்தில் ஒரு பையன்.

வெளியே போகவில்லை. பால் இல்லாத காபி.

ஜூன் 10, திங்கள்

வண்டி வரவில்லை. தலைவலி என்று லீவு சொன்னேன். ஐம்பதை நெருங்குகிறவள் ஒரு கேட்டுக்குப் பயந்து லீவு போட்டாள் என்றால் யார் நம்புவார்கள்?

பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லிவிட்டிருக்கிறாள். மாலையில் சேற்றின் மேல் பலகை போட்டு நடந்து வந்தார்கள். விசிலுதான் பேசினாள்.

"சாரி ஆன்ட்டி. எங்களுக்குத் தெரியாது. அந்தக் குழியை விட்டுடறோம்."

"சரி" என்றேன். துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள் மாதிரி, போய்விட்டு வருகிறோம் என்று சொல்லாமல் போனார்கள்.

ஜூன் 15, சனி

நட்டுவிட்டார்கள். தெரு நெடுகக் கன்றும் மூங்கில் கூண்டும். என் கேட்டருகே மட்டும் ஒன்றுமில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால், பல் விழுந்த வாய். போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். ஒருவர் இன்னொருவருக்கு விரல் நீட்டிக் காட்டினார்.

இதுவரை எனக்கு மட்டும் தெரிந்த இடம். இப்போது தெருவுக்கே அடையாளம்.

ஐயோ, இதுக்கு அந்த வட்டமே தேவலாம். ஏண்டி, உன்னை வேடிக்கை பாக்க வச்சிட்டாங்களேடி.

அவள் என்ன சொல்லியிருப்பாள்? என் முகத்தைப் பார்த்து வழக்கமாகக் கேட்பதைத்தான் — "சிரிச்சா உன் டிகிரியைப் பிடுங்கிடுவாங்களாக்கா?"

ஜூன் 16, ஞாயிறு

கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவளை ஜன்னலிலிருந்து கூப்பிட்டேன்.

"செடி ஏதாவது மிச்சம் இருக்கா?"

விசிலு வாளியைக் கீழே வைத்தாள். "ஒன்னு இருக்கு ஆன்ட்டி. கொஞ்சம் கோணல்."

"பரவாயில்லை."

"காத்து அடிக்காம பாத்துக்குவீங்களா?"

தெரிந்தே வைத்திருக்கிறாள், கழுதை.

பூட்டு துருவேறித் திறக்கவில்லை. சைக்கிள் எண்ணெய் விட்டுத் தட்டித் திறந்தாள். நான் கேட்டுக்கு உள்பக்கமே நின்றேன். கடப்பாரை மண்ணில் இறங்குகிற ஒவ்வொரு தரமும் கேட்டுக் கம்பி அதிர்ந்தது. வெட்டி முடித்ததும் வெளியே போய்க் குனிந்து பார்த்தேன்.

மண்தான் இருந்தது. வேறென்ன இருக்கும் என்று நினைத்தேனோ.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சரியான புழுக்கம். தாழ்ப்பாள் தட்டியது, இரண்டு தரம். காற்றுதான் என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய்ப் பார்த்தேன்.

யாருமில்லை. கன்றில் ஓர் இலைகூட அசையவில்லை.

போனதற்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். சங்கிலி போடவில்லை.