ஜெய்ப்பூரில் கிடைத்த இடம்

காரைக்கால்,
சனிக்கிழமை.

அன்புள்ள எழிலனுக்கு,

மஸ்கட் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே அத்தையும் நானும் நலம். நம் பாரதிக்கு இருமல் நின்றுவிட்டது. அப்பா லீவில் வரப்போகிறார் என்று எல்.கே.ஜி. டீச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பச்சிளம் குழந்தை மருத்துவத்தில் எனக்குக் கிடைத்த மேற்படிப்பு இடத்தை விட்டுவிடச் சொன்னீர்கள். அடுத்த வருஷம் சென்னையில் கிடைக்கும், இல்லாவிட்டால் குழந்தை டாக்டராக இருப்பதே போதும் என்றீர்கள். இத்தனை நாளும் சென்னைக்குத்தானே முயன்றேன்? இருக்கிற கொஞ்ச இடங்களும் பெரிய ஊர்களிலேயே குவிந்து கிடக்கின்றன. எனக்குக் கிடைத்தது ஜெய்ப்பூர்.

போன மாதம் கிளிஞ்சல்மேட்டு மாரிக்கண்ணுவுக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. மூச்சுக்குத் திணறியது. என்னால் முடிந்ததைச் செய்துவிட்டு, தஞ்சாவூருக்கு ஆம்புலன்ஸில் நானே கொண்டுபோனேன். வழியெல்லாம் கையால் பையை அழுத்தி அழுத்திக் காற்றுக் கொடுத்தேன். திருவாரூர் தாண்டியதும் இதயம் நின்றுவிட்டது. கூட வந்த அதன் அப்பா காத்தமுத்து திட்டவில்லை, அழவில்லை. 'இத இங்கயே வச்சுப் பாக்கத் தெரிஞ்சவங்க நம்ம ஊர்ல ஒருத்தர்கூட இல்லையாம்மா?' என்று மட்டும் கேட்டார். நான் குழந்தையைத் துணியால் மூடினேன்.

வேலையிலிருந்து விடுவிக்கக் கேட்டபோது எங்கள் பெரிய டாக்டர் சிரித்தார். இப்படிப் படிக்கப் போனவர்கள் யாரும் இந்த ஊருக்குத் திரும்பியதில்லை என்றார். நான் திரும்புவேன் சார், பார்க்கத்தான் போகிறீர்கள் என்றேன். உங்களுக்கும் அதேதான். முடித்ததும் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேரலாம் என்று இப்போதே நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அத்தை முகங்கொடுத்துப் பேசாமல்தான் இருந்தார். நேற்று மீன் கழுவிக்கொண்டே, 'என்னக் கேட்டா நீ போவக்கூடாது. ஆனா நீ போவாம இருக்கமாட்ட. புள்ளய நான் பாத்துக்கறேன், அங்கயே உக்காந்துடாத' என்றார்.

பாரதியை விட்டுப் போவது எனக்கு லேசு என்று நினைக்காதீர்கள். அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில்தான் பெட்டி அடுக்குகிறேன்.

சேர்வதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். வியாழக்கிழமை ரயில். இது உங்கள் கைக்கு வரும்போது நான் ஜெய்ப்பூரில் இருப்பேன். அனுமதி கேட்கிற கடிதம் இல்லை இது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். லீவுக்கு வந்ததும் பாரதியைக் கூட்டிக்கொண்டு ஜெய்ப்பூருக்கு வாருங்கள். கோபத்தோடு வந்தாலும் சரி, வாருங்கள். ஸ்டேஷனில் நிற்பேன்.

உங்கள் பிடிவாதக்காரி,
வினோதினி