அம்மா சார்பில் அப்பா

ஜூன் 4
புது ஊர். ஒன்பது மாடி, இரண்டு லிஃப்ட். பொருத்தி, சோதித்து, சான்று எழுதிக் கொடுக்க மூன்று வாரம் ஆகும். லிஃப்ட் குழிக்குள் சிக்னல் அறவே கிடையாது. அதனால் வீட்டுக்கு வீடியோ கால் காலை ஏழரைக்கே. பேசுவது அப்பாதான். பக்கவாதம் வந்து நான்கு மாதமாக அம்மாவுக்குப் பேச்சில்லை, வலது கையும் வராது. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது என்கிறார் டாக்டர்.

"அம்மா சாப்பிட்டாச்சாம். நல்லாத் தூங்கினாளாம். உன்னை உடம்பப் பாத்துக்கச் சொல்றா."

திரையில் அம்மாவின் பாதி முகமும் மின்விசிறியும்.

ஜூன் 7
மூன்றாம் மாடிக் கதவு சரியாக மூடவில்லை. வீட்டுக்குப் பேசியது இரண்டே நிமிடம்.

ஜூன் 9
பேச்சுப் பயிற்சி டீச்சரை அப்பா நிறுத்திவிட்டாராம். போகிற போக்கில் சொல்கிறார்.

"அம்மாவுக்குப் பிடிக்கலம்மா. வேணாங்கறா."

"அம்மாவா சொன்னா?"

"முப்பத்தாறு வருஷமா கூட இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். இருந்தாலும் — நான் யார் கேட்க? மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருப்பவள். தூரத்திலிருந்து நாட்டாமை செய்வது சுலபம்.

ஜூன் 12
மோட்டார் வரத் தாமதம். பதினொரு மணிக்குச் சும்மா அழைத்தேன். அப்பா போனை வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். எடுத்தது அம்மா, இடது கையால். முதலில் காது தெரிந்தது, அப்புறம் நெற்றி, அப்புறம் முகம். இருவரும் முழித்தோம். அப்பா நடுவில் இல்லாமல் அவளோடு பேசி நான்கு மாதம் ஆகிறது.

"டீச்சர் வேணாம்னு சொன்னியாம்மா?"

தலை அசைந்தது. அதற்குள் படம் நின்றுபோனது. ஆமாவா, இல்லையா? திரும்பி வந்ததும், "டீச்சர் வேணும்னா கண்ண மூடும்மா" என்றேன்.

மூடினாள். வெகுநேரம் திறக்கவில்லை. மறுபடி படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஜூன் 13
அப்பாவிடம் குரலை உயர்த்தக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். உயர்ந்துவிட்டது. எதுக்குப் பொய் சொல்லணும்? யாருக்காக?

அப்பா போனோடு வாசலுக்கு வந்தார்.

"வார்த்தை வராம வாய் கோணி அழறாம்மா. என்னால பாக்க முடியல."

பிடிக்காமல் போனது யாருக்கு என்று புரிந்தது.

ஜூன் 14
அப்பா எடுக்கவில்லை.

ஜூன் 16
டீச்சரை நானே அழைத்துப் பேசினேன். நாளை முதல் வருகிறார். ஒரே நிபந்தனை: "அந்த ஒரு மணி நேரம் உங்கப்பா வெளிய நடந்துட்டு வரட்டும். நான் கேக்கறதுக்கெல்லாம் அவரே பதில் சொல்லிடறாரு."

அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். படித்துவிட்டார்.

ஜூன் 25
சான்றில் கையெழுத்துப் போட்டாயிற்று. அப்பா பேசுகிறார், அளந்து. நடைக்குப் போகிறாராம்.

ஜூலை 20
வேறு ஊர், ஆறு மாடி. ஏழரைக்கு அழைத்தேன். அப்பா வழக்கம்போல:

"அம்மா சாப்பிட்டாச்சாம். இன்னிக்குக் கொஞ்சம் களைப்பா இருக்காம், டீச்சர நாளைக்கு வரச் சொல்லி—"

"இல்ல."

கரகரவென்று, பாதி விழுங்கிய குரல். அம்மாவுடையது. திரை ஆடியது. "இந்தா, நீயே பேசு" என்று அப்பா அவள் கையில் போனைக் கொடுத்தார்.

சாப்பிட்டியாம்மா? இல்ல. தூங்கினியா? இல்ல. இப்போதைக்கு அந்த ஒரு வார்த்தைதான் போலிருக்கிறது.

"அப்பா மேல கோவமா?"

அப்பா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"இல்ல."

வேலைக்குப் பதினேழு நிமிடம் தாமதமாகப் போனேன்.