கடிகாரமா, லாந்தரா?

1934 முதல் ஒரு கம்பெனி தன் தேயிலைப் பொட்டலங்களில் பரிசுச் சீட்டு வைத்து விற்றது. ஐம்பது சீட்டுக்கு ஒரு லாந்தர், நூறு சீட்டுக்கு ஒரு சுவர்க் கடிகாரம். ஆம்பூர் ஹாஜிரா இரண்டு வருஷமாகச் சேர்த்து, நூறைத் தொட்டிருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கும்படி கடிகாரம்தான் வேண்டும் என்றான் கணவன் உஸ்மான். அவளோ, விடியுமுன் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போனவன் இருட்டில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் விழுந்து காலைப் புண்ணாக்கிக்கொண்டதை மறக்கவில்லை. நான்கு நாளாக இருவரும் பேசவில்லை.

சீட்டை மாற்றக் கடைசி நாளும் வந்தது. அவன் வேலைக்குப் போனபின் ஹாஜிரா பென்சிலால் எழுதினாள்:

“ஏங்க, மத்தியானத்துக்குச் சோறும் பருப்பும் மூடி வச்சிருக்கேன். காலுக்குக் களிம்பு போடுங்க. திரும்ப ஷாப்புக்குப் போறப்போ சாவியைப் பக்கத்து வீட்டு மஹ்பூபி கிட்ட குடுங்க. நான் சீட்டு மாத்த வேலூர் லாங் பஜாருக்குப் போறேன். ரெண்டு லாந்தர்தான் வாங்கப்போறேன். ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு உங்களுக்கு. கடிகாரம் வாங்கினா, நீங்க எத்தனை மணிக்கு விழுந்தீங்கன்னுதான் தெரியும்.”

படித்துப் பார்த்தாள். கடைசி வரி கடுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அழிக்கவில்லை. அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

“திட்டணும்னா சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து திட்டுங்க. ரெண்டையும் நான் ஒருத்தியா தூக்க முடியாது.”

சாயங்கால ரயிலுக்கு உஸ்மான் நொண்டிக்கொண்டே வந்திருந்தான். திட்டவில்லை. இரண்டு லாந்தரையும் அவள் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதுல எது என்னுது?” என்றான்.