நாலே முக்கால் என்று எழுதிய கை

துறைமுகத் தெரு,
நவம்பர் 19, ஞாயிறு

என் அன்பு மகள் லொவீனாவுக்கு,

உன் சித்தப்பா ராய்ஸ்டன் எழுதுவது. ஹோபார்ட்டில் நீயும் மாப்பிள்ளை கிரெக்கும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் சித்தி மாவிஸும் சுகம். மூன்று பேரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் இந்தக் கடிதமே உன் அப்பாவைப் பற்றியது, அதனால் அந்த வரியை எழுதாமல் விடுகிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன், இரண்டு தடவையும் மழை, மீன் விலை என்று என்னென்னவோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். வாயைத் திறந்தால் எனக்கு எதுவும் நேராக வருவதில்லை என்பது உனக்கே தெரியும். எழுதினால் ஒருவேளை வரும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். நான் விட்ட அன்றைக்கு வாத்தியார் கண்ணீர் விட்டார், அது சந்தோஷக் கண்ணீர் என்று மாவிஸ் பக்கத்தில் இருந்து சொல்கிறாள்.

இந்த வருஷம் ஊருக்கு வந்த கூட்டம் நீ பார்த்திருக்க வேண்டும். என் படகில் மட்டும் நாற்பதாயிரம் பேர் ஏறியிருப்பார்கள், மாவிஸ் நாலாயிரம் என்கிறாள், அவள் டிக்கெட் அடிக்கட்டையைப் பார்க்கிறாள், நான் முகங்களைப் பார்த்தவன். வெளிப்பாறையில் படுத்துக் கிடக்கிற கிழட்டுக் கடல்நாய்க்கு நூற்றுப் பத்து வயது என்று சொல்லி வைத்திருக்கிறேன், லண்டன்காரர்கள் அதற்குத் தொப்பியைக் கழற்றுகிறார்கள். மலைச்சரிவில் ஆட்களை ஏற்றி இறக்குகிற ரயில் பெட்டி மறுபடி பழுது, ஆகஸ்ட் மாதம் முழுக்க பருத்த ஆட்களெல்லாம் நூற்றெண்பது படி ஏறிப் போய் மேலே பெஞ்சில் விழுந்து கிடந்தார்கள். குட்டி ஊர் பொம்மைத் தோட்டத்தில் தேவாலய வாசலில் நின்ற பாதிரியார் பொம்மையை ஒரு கடற்காகம் கொத்திக்கொண்டு பறந்துவிட்டது, கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் பாதிரி இல்லாமல் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள். இப்படியே நாலு பக்கம் எழுதிக்கொண்டு போவேன், விஷயத்துக்கு வராமல் இருக்கக் கைக்கு அதுதான் வசதி. இதோ வந்துவிட்டேன்.

சாப்பல் தீவுக்குப் போகிற, கடல் வற்றும்போது மட்டும் வெளியே தெரிகிற கல்பாதை தொடங்குகிற இடத்தில் உன் அப்பா முப்பத்தோரு வருஷமாகச் சாக்குக்கட்டியால் எழுதி வந்த பலகை உனக்கு மறந்திருக்காது. இத்தனை மணிக்குக் கடல் விலகும், இத்தனை மணிக்குள் திரும்பி வந்துவிடு, அவ்வளவுதான் அதில். சம்பளம் கிடையாது, ஒரு நாள் லீவு கிடையாது. அலை அட்டவணையைப் பார்த்து எழுத வேண்டியது, ஆனால் அந்த அட்டவணை வருஷம் முழுக்கக் குளிர்கால நேரத்தில்தான் அச்சாகி வரும். கோடையில் நாட்டுக் கடிகாரமெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால் அட்டவணையில் இருப்பதோடு ஒரு மணி கூட்டி எழுத வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைத்த நிமிஷத்தில் இருந்து கூட்டக் கூடாது. நீ ஏழு வயதில் விரல் விட்டுச் சரியாகச் சொல்வாய். நான் எழுபத்தொரு வயது வரைக்கும் எப்போது கூட்டுவது எப்போது விடுவது என்று உள்ளுக்குள் தடுமாறியவன், யாரிடமும் கேட்டதில்லை, ஏனென்றால் கடல் என் சொல்லுக்குக் கட்டுப்படும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

போன மாதம் அந்தக் கடைசி ஞாயிறு உன் அப்பாவுக்குக் காய்ச்சல், படுக்கையை விட்டு எழ முடியவில்லை. காலையில் என்னைக் கூப்பிட்டு அட்டவணையைக் கையில் கொடுத்து, கடிகாரம் மாறியாச்சு, இன்றைக்குக் கூட்டாதே ராய் என்று சொன்னார். எனக்கா சொல்லித் தருகிறாய், நான் நடக்கும் முன்னே படகு ஓட்டியவன் என்று சிரித்துக்கொண்டே போனேன். வழியில் ரொட்டிக்கடை வாசலில் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள், எதைப் பற்றிப் பேச்சு என்பது இப்போது ஞாபகம் இல்லை, நான்தான் அதிகம் பேசியிருப்பேன். பலகை முன்னால் போய் நின்றபோது அண்ணன் சொன்னது கூட்டு என்றா கூட்டாதே என்றா என்று எனக்கு நிச்சயம் இல்லை. நூறு கெஜம் திரும்பி நடந்து போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. திரும்பி வர வேண்டிய நேரம் அட்டவணையில் மூணே முக்கால் என்று இருந்ததைக் கூட்டி நாலே முக்கால் என்று எழுதினேன். பள்ளி விடுமுறை வாரம் தொடங்கிய நேரம், ஊர் நிறையக் குடும்பங்கள். எழுதிவிட்டு என் படகுக்குப் போய்விட்டேன்.

தீவில் தேநீர்க் கடையைச் செப்டம்பரோடு பூட்டியாகிவிட்டது, அதனால் எச்சரித்து அனுப்ப அங்கே ஒரு ஆள் இல்லை. அன்றைக்கு அங்கே போனது ஒரு குடும்பம், அம்மா அப்பா, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு பழுப்பு நாய். பலகையை நம்பி நாலேகாலுக்குத் திரும்ப நடந்தார்கள், பாதி வழியில் இரண்டு பக்கமும் தண்ணீர் சேர்ந்துவிட்டது. நான் அப்போது மறுபக்கத்து விரிகுடாவில் கடல்நாய்க்கு வயது சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தது உன் அப்பா. காய்ச்சலோடு ஜன்னல் பக்கம் வந்தவர், உயிர்காப்புப் படகுக்குப் போன் போட்டுவிட்டு, சட்டைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கல்பாதையின் விளிம்பு எங்கே என்று கையைக் காட்டி அவர்களை நகராமல் ஒரே இடத்தில் நிற்க வைத்திருக்கிறார். எழுபத்தெட்டு வயதில். படகு வந்து நாலு பேரையும் ஏற்றியது. நாய் போய்விட்டது. அந்தச் சின்னப் பெண் வாரை விடாமல் பிடித்திருந்தாள், கழுத்துப் பட்டை கழன்று கையோடு வந்துவிட்டதாம்.

நீ செய்தித்தாளில் படித்தது அதற்குப் பிறகு நடந்தது. துறைமுக அதிகாரி மிசஸ் ஹாக்கின் படித்துறைக்கு வந்து பலகையில் இது யார் எழுதினது என்று கேட்டாள். நான் அப்போதுதான் படகைக் கட்டிவிட்டு ஓடி வந்து நின்றேன். உன் அப்பா போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டே, பலகை என்னுடையது என்றார். அதைத்தான் சொன்னார், வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்பது வருஷம் மூடாத என் வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது. ராத்திரி நான் போய், நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றதற்கு அவர் சொன்னது அப்படியே இது: “எனக்குப் போறது ஒரு சாக்குக்கட்டி. உனக்குப் போறது படகு. பேசாம வீட்டுக்குப் போ.” நான் வீட்டுக்குப் போய்விட்டேன் மகளே. போகக் கூடாது என்று கால் சொன்னது, போய்விட்டேன்.

சாக்குக்கட்டியோடு முடியும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். பலகையை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்தார்கள். மதுக்கடைக்குள் அவர் நுழைந்தால் ஒருத்தன், டென்சில் அண்ணே இப்ப மணி என்ன ஆகுது என்பான், இன்னொருத்தன், எந்த மணியைக் கேட்கிறே, நம்ம மணியையா அவர் மணியையா என்பான். கெட்டவர்கள் கிடையாது, அவர்கள் பேச்சே அப்படித்தான். அவர் போவதை நிறுத்திவிட்டார். சமையலறையில் இப்போது ஐந்து கடிகாரம் வைத்திருக்கிறார், கடித உறைகளின் பின்பக்கம் எல்லாம் அலை நேரம் எழுதி எழுதி அடித்திருக்கிறார். நீ கேட்டுக்கொண்டதற்காக வந்த டாக்டர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாராம், இவர் தப்பாகச் சொன்னாராம். எந்தக் கிழமையும் வெளியே போகாதவருக்கு எல்லாம் ஒரே கிழமைதானே. அதன் மேல்தான் அந்த முதியோர் இல்லம், கடல் கண்ணில் படாத உள்நாட்டு ஊர், வீட்டை விற்பது, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் உன் கையெழுத்து எல்லாம். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. முப்பத்தோரு வருஷம் தவறாத மனுஷன் ஒரு குடும்பத்தைக் கடலில் விடும் அளவுக்குத் தப்புச் செய்தால் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் எந்த மகளும் நினைப்பாள். ஆனால் அந்தத் தப்பை அவர் செய்யவில்லை. நான் செய்தேன்.

நான் சொன்னால் நீ நம்புவாயா என்பதுதான் எனக்குப் பயம். பதினாறு அடிச் சுறாவைத் துடுப்பால் அடித்தேன் என்று சொல்லி உன்னை வளர்த்தவன். அதனால் ஒன்று செய், நீ படித்த அந்தச் செய்தியில் பலகையின் படம் இருக்கும், பெரிதாக்கி இடது ஓரத்தில் கீழே பார். தொப்பி போட்ட ஒரு கடல்நாய் வரைந்திருக்கும். உன் அப்பா தன் வாழ்நாளில் பலகையில் ஒரு கோடு கூட அதிகமாகப் போட்டதில்லை. வெறும் நேரத்தை எழுதிவிட்டு நகர என்னால்தான் முடியாது.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை மிசஸ் ஹாக்கினிடம் போய்ச் சொல்லிவிட்டேன். முதலில் அவளும், ராய்ஸ்டன், அண்ணனுக்காக இந்தத் தடவை நல்ல கதையாகக் கொண்டு வந்திருக்கிறாய் என்று சிரித்தாள். படத்தைக் காட்டியதும் சிரிப்பு நின்றது. படகு உரிமத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன், வசந்தத்தில் விசாரிப்பார்கள், திரும்பக் கிடைக்காது என்று நினைக்கிறேன். அந்தக் குடும்பத்துக்கும் எழுதியிருக்கிறேன், மாவிஸ் படித்துப் பார்த்து இரண்டு வரியைத் தவிர எல்லாவற்றையும் அடித்தாள், அந்த இரண்டு வரிதான் போயிற்று.

நேற்று உன் அப்பாவிடம் போனேன். அண்ணே, எல்லாரிடமும் சொல்லியாயிற்று, இனி நீ சுமக்க வேண்டாம் என்றேன். அவர் அட்டவணையை மடியில் வைத்துக்கொண்டு, எப்படிக் கூட்டி எழுதினேன் என்றே தெரியவில்லையே ராய், அன்றைக்குக் கூட்டக் கூடாது என்று எனக்குத் தெரியுமே என்றார். நீ எழுதவே இல்லை, காய்ச்சலில் படுத்திருந்தாய், நான் எழுதினேன் என்று மூன்று தடவை சொன்னேன். வேண்டுமென்று நடிக்கிறாரோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிப்பு இல்லை. மூன்று வாரம் ஊரே சொல்லிச் சொல்லி, அவருக்கு இப்போது அந்தப் பலகை முன்னால் தான் நின்றதாகவே நினைவு இருக்கிறது. என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நீ நல்லவன்டா ராய். எனக்காக இப்படி ஒரு கதையைக் கூடக் கட்டுவியா?”

அவருக்கு உண்மையிலேயே மறதி தொடங்கியிருக்கலாம், காய்ச்சலும் அவமானமும் சேர்ந்து ஆளை ஆட்டியிருக்கலாம், டாக்டர் இல்லாத நான் அதைச் சொல்ல முடியாது. பின்னால் ஒரு நாள் அவர் அந்த இல்லத்துக்குப் போகத்தான் வேண்டி இருந்தால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். ஆனால் செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு அந்த வாசலில் அவர் நுழையக் கூடாது. நான் சொல்லி அவர் நம்பப் போவதில்லை. நீ சொன்னால் நம்புவார், ஏழு வயதில் அவருக்கு விரல் விட்டுக் கணக்குச் சொன்ன பிள்ளை நீ. தபால் உனக்கு நேரத்துக்கு வந்து சேராது என்று மாவிஸ் இதைப் படம் எடுத்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்புகிறாள். வெள்ளிக்கிழமைக் கையெழுத்துக்கு முன்னால் அவரைக் கூப்பிடு. உங்கள் ஊரில் சாயங்காலம் எட்டு மணி என்றால் இங்கே காலை ஒன்பது, இதை நானாக எழுதவில்லை, மாவிஸிடம் கேட்டு எழுதினேன்.

கடவுள் உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். குளிர் கோட்டுகளை எடுத்து வைத்துவிடாதே, உங்கள் ஊர்க் கோடையை நம்ப முடியாது என்கிறார்கள். அவரோடு பேசும்போது மெதுவாகப் பேசு. அன்றைக்கு நீங்கள் படுத்திருந்தீர்கள் அப்பா என்று அதையே முதலில் சொல்லு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
ராய்ஸ்டன்