அடியில் ஓடிய துகள்

ஜூன் 9, கள்ளக்குறிச்சி

கல்லூரியில் வகுப்பு எடுத்துவிட்டு அறைக்கு வந்ததும் சென்னை ஆய்வக வீடியோக்களை மறுபடி ஓட்டினேன். ஒளிரும் வாயுவில், ஒரே தளத்தில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஆறு. இதுதான் பிளாஸ்மா படிகம். எங்காவது ஒன்றுக்கு ஐந்தும் பக்கத்தில் உள்ளதற்கு ஏழும் ஆகிவிட்டால், அது குறை. நாங்கள் லேசரால் துகள்களைத் தட்டுவதால்தான் குறை பிறக்கிறது என்று ஆய்வேட்டில் எழுதியாயிற்று.

ஜூன் 11

வகுப்பில் தவிர யாரிடமும் பேசவில்லை.

ஜூன் 14

தட்டும் லேசரைப் போடும் முன்பே குறை இருக்கிறது! நேரத்தைத் தப்பாகக் குறித்தேனா? இல்லை. அப்படியானால் எழுதினது — பொய்யா?

ஜூன் 15

வழிகாட்டி காசிநாதன் சாருக்குப் போன் போட்டேன். கேமராக் கோளாறாக இருக்கும் என்றார். “கிளறாதீங்க கோகிலா. முடிச்சிட்டு வெளிய வாங்க.” திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 21, வெள்ளிமலை

ஊரில் சாமை விதைக்கிறார்கள். என்னைப் பெண் கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அண்ணன் வேடியப்பன் கேட்டான். படிப்பு முடியட்டும் என்றேன். எப்போது முடியும்? நான் சாப்பிடாததைப் பார்த்து அம்மா, “வேலைய வுட்டு எடுத்துட்டாங்களா?” என்றாள். இல்லையென்றதும் நிம்மதியாக விதைக்கக் கொல்லிக்காட்டுக்குப் போய்விட்டாள். வேறு எப்படிச் சொல்வது அவளுக்கு?

ஜூலை 2, கள்ளக்குறிச்சி

படம் பிடிக்கப் போடும் இன்னொரு லேசரின் வெளிச்சம் அந்த ஒரு தளத்தில் மட்டும்தான் விழுகிறது. அதற்குக் கீழே இருட்டு. வெளிச்சத்தைக் கீழே இறக்கி, பக்கவாட்டில் ஒரு கேமரா வைக்கும்படி சென்னை ஆய்வகத் தோழி தேவிப்ரியாவிடம் போனில் சொன்னேன். அவள் சாருக்குப் பயந்தாள். பிறகு சரியென்றாள்.

ஜூலை 8

தேவிப்ரியா அனுப்பிய வீடியோவில், அடியில் ஒரே ஒரு துகள். தளத்துக்குக் கீழே தனியாக ஓடுகிறது. அது போகும் வழியில் மேலே வரிசை குலைந்து ஐந்தும் ஏழுமாகக் குறைகள் பிறக்கின்றன. எழுந்து நின்றேன். யாரிடம் சொல்ல? பக்கத்து அறை பூட்டியிருந்தது. சாருக்கு வீடியோவை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 20

பதில் இல்லை.

ஆகஸ்ட் 4

சாரே கூப்பிட்டார். “நீங்க சொன்னதுதான் சரி. அந்த அத்தியாயம் போயிடும். எல்லாத்தையும் திரும்பச் செய்யணும், ஒரு வருஷம் ஆகும். பரவால்லியா?”

பரவாயில்லை என்றேன். அண்ணனிடமும் சொன்னேன். பெண் கேட்டவர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள் என்றான். தெரியும் என்றேன். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது.

செப்டம்பர் 1, ரயிலில்

கல்லூரி வேலையை விட்டாயிற்று. சென்னை ஆய்வகத்துக்கே போகிறேன். சின்னசேலம் வரை அண்ணன் வந்தான். மாப்பிள்ளை வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. ரயில் வந்ததும் பெட்டியை ஏற்றிவிட்டுக் கேட்டான்: “அந்தத் தூசி இன்னாதான் பண்ணுது, சொல்லு.”

ரயில் கிளம்பிவிட்டது. விருத்தாசலம் வரை போனில் சொல்லிக்கொண்டே வந்தேன்.